ஆராதனையில் அந்நியமாக உட்கார்ந்திருக்கிறேன்: என் விசுவாசத்தில் குறையா?

வாசகர் கடிதம்

அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்குச் சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமம். பரம்பரையாக சிஎஸ்ஐ குடும்பம். வேலூரில் நர்ஸாக இருந்தபோது கூட வேலை பார்த்த ஒரு மிசோ சகோதரரைத் திருமணம் செய்துகொண்டேன். "நம்ம சனம் இல்ல, நம்ம பாஷை இல்ல" என்று அம்மா அழுதார்கள். "ஆண்டவர் ஒருத்தர்தானம்மா" என்று நான்தான் அவர்களைத் தேற்றினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் ஊரான மிசோரம் தலைநகர் ஐசாலுக்கே குடிவந்துவிட்டோம். நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை திறக்காது. ஊரே கோவிலில் இருக்கும். விசுவாசிக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று நினைத்துத்தான் வந்தேன். ஆனால் ஆராதனையில் உட்கார்ந்தால் எனக்குப் பாட வரவில்லை. பக்கத்தில் எல்லாரும் கண்ணீரோடு பாடும்போது நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி இறந்தபோது ராத்திரியெல்லாம் கூடி உட்கார்ந்து பாடினார்கள். நான் மூலையில் இருந்தேன். கடையில் ஒரு பெண் என்னைக் காட்டி இன்னொருத்தியிடம் 'வை' என்றாள். சமவெளியிலிருந்து வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்களாம். வீட்டில் சமைக்கும் புளித்த பன்றிக்கொழுப்பின் வாடை இன்னும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாமியார் நல்லவர்தான். காலையில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிட்டு அமைதியாக வேலையைப் பார்ப்பார். அவரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

மூன்று மாதமாகப் பெண்கள் ஐக்கியத்துக்குப் போகவில்லை. ஞாயிறு காலையில் தலைவலி என்று சொல்லிவிட்டு, எங்கள் ஊர்க் கோவில் ஆராதனையைப் போனில் பார்த்து அழுகிறேன். மகள் மிசோவில்தான் ஜெபிக்கிறாள். அவள் ஆண்டவரிடம் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் பாதி புரியவில்லை. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்பது பிரசங்கத்துக்கு மட்டும்தானா? இல்லை, என் விசுவாசத்தில்தான் குறையா? பெயர் போட வேண்டாம் அக்கா.

ஆலோசகர் பதில்

அன்புத் தங்கைக்கு, ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். மகள் ஜெபிப்பது பாதி புரியவில்லை என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. குடும்ப ஆலோசகராக 22 வருடம் ஆகிறது. மொழி விட்டு, மாநிலம் விட்டுத் திருமணம் செய்த தம்பதிகள் பலரைச் சந்தித்திருக்கிறேன். இந்த வலியை யாரும் இவ்வளவு நேராக எனக்கு எழுதியதில்லை.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் விசுவாசத்தில் குறை இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேம் சபை, அப்போஸ்தலர்களே நேரில் நடத்திய சபை. பரிசுத்த ஆவியானவர் இறங்கி அதிக காலம் ஆகவில்லை. அந்தச் சபையிலேயே கிரேக்கு பேசின விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாட்டுப் பங்கீட்டில் சரியான கவனிப்பு இல்லை. 'முறுமுறுத்தார்கள்' என்று நம் வேதாகமம் சொல்கிறது. அப்போஸ்தலர்கள் அந்த முறுமுறுப்பை அடக்கவில்லை. "விசுவாசத்தில் வளருங்கள், சரியாகிவிடும்" என்று புத்தி சொல்லி அனுப்பவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சபையிடமே சொல்லி, பந்தி விசாரணையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். வலித்தவர்களின் மொழி தெரிந்தவர்கள் கையிலேயே கரண்டி போனது.

அப்படிப்பட்ட சபையிலேயே மொழி குறுக்கே வந்திருக்கிறது. ஐசாலில் உங்களுக்கு வந்ததற்காக உங்கள் விசுவாசத்தை நீங்கள் சந்தேகப்பட வேண்டாம்.

நம் ஊரில் பெண்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. தாலி ஏறிய அன்றே அவள் அந்த வீட்டு மருமகள். அதில் பாதி, முக்கால் என்று எதுவும் இல்லை. ஆனால் அந்த வீட்டு அடுப்படியில் உப்பு எங்கே, புளி எங்கே என்று கேட்காமல் கை போக ஆறு மாதமாவது ஆகும். மாமியார் வீட்டில் காலை நீட்டி உட்கார இன்னும் நாளாகும். அதுவரைக்கும் அவள் மருமகள் இல்லை என்று யாராவது சொல்வார்களா? கிறிஸ்துவுக்குள் ஒன்றாயிருப்பதும் இப்படித்தான். அது ஆண்டவர் ஏற்கெனவே செய்து முடித்த காரியம். அந்தச் சபை உங்களுக்குச் சொந்தமாவது மனுஷர் கையில் இருக்கிற வேலை. அதற்கு நாளாகும், இரண்டு பக்கமும் கை நீட்ட வேண்டும். முதல் காரியம் உண்மை என்றால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று எதிர்பார்த்தீர்கள். நம் சபைகளில் யாரும் நமக்கு இதைப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதில்லை, அதனால் அது உங்கள் தப்பு இல்லை.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அதிகம் வலிப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சிக்காக ஐசாலில் பத்து நாள் இருந்தேன். அது ஒரு ஜனவரி. 11ஆம் தேதி ஊரே விடுமுறை. மிஷனெரி தினம் என்றார்கள். 1894 ஜனவரி 11இல் லோரேன், சாவிட்ஜ் என்ற இரண்டு ஆங்கிலேய இளைஞர்கள் அங்கே வந்து சேர்ந்த நாள். அன்று சாயங்காலம் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். முப்பது பேர் சுவரோரமாக வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒருவர் குவாங் என்கிற மத்தளத்தை நிதானமாகத் தட்டினார். பாட்டு மெல்லமெல்ல, இழுத்து, அலை மாதிரி எழுந்து இறங்கியது. லெங்கோம் பாட்டு என்றார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. என் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் பாடிக்கொண்டே என் முழங்காலில் தாளம் போட்டார், அவருக்கே தெரியாமல். நீங்கள் மூலையில் உட்கார்ந்திருந்ததாக எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த அறை ஞாபகம் வந்தது.

அந்த மத்தளத்துக்கு ஒரு கதை இருக்கிறது. ஆரம்பகால மிஷனெரிகள் அதைக் கோவிலுக்குள் விடவில்லை. பழைய குடிவிருந்துகளோடும் பழைய பாட்டுகளோடும் சேர்ந்த வாத்தியம் அது என்று தள்ளி வைத்தார்கள். மிசோ விசுவாசிகள் வேல்ஸ் நாட்டு மெட்டிலும் ஆங்கில மெட்டிலும் பாடப் பழகினார்கள். நாலு குரலில் நன்றாகவே பாடினார்கள், இன்றைக்கும் பாடுகிறார்கள். ஆனால் சொந்தக் குரல் உள்ளே எங்கோ காத்துக்கொண்டிருந்தது. 1906 தொடங்கி அந்த மலைகளில் எழுப்புதல்கள், அதாவது சபை முழுவதும் பக்தி பொங்கி எழும் காலங்கள், அடுத்தடுத்து வந்தன. 1919 எழுப்புதலுக்குப் பிறகு மிசோக்களே தங்கள் மெட்டில், தங்கள் துக்கத்தின் மொழியில் பாட்டுகளைக் கட்டத் தொடங்கினார்கள். மத்தளமும் கோவிலுக்குள் வந்துவிட்டது. இன்று மத்தளம் இல்லாத மிசோ ஆராதனையை உங்களால் நினைத்துப் பார்க்க முடியுமா?

ஆக, ஆண்டவரை வேறு யாருடைய மெட்டிலோ பாடிக்கொண்டு, "இது என் குரல் இல்லையே" என்று தவித்த சனம்தான் உங்கள் பக்கத்தில் கண்ணீரோடு பாடுகிறது. உங்கள் தவிப்பு அவர்களுக்குப் புதிது இல்லை. ஆனால் நீங்கள் தலைவலி என்று வீட்டில் இருந்துவிட்டால் அவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

நம் கதையும் அதுதானே. நம் பாட்டுப் புத்தகமான பாமாலையில் நாம் பாடுவது பெரும்பாலும் ஜெர்மன், ஆங்கில மெட்டுகள். கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாட நமக்கு வழி காட்டியவர்களில் முதன்மையானவர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார். அவர் 1774இல் பிறந்தவர். கல்யாண வீட்டில் நாம் மங்களம் பாடி முடிக்கும்போது வாயில் வருவது அவர் தந்த பாட்டு. பாமாலையும் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்து வரும். இது அந்நியம், இது சொந்தம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை. சின்ன வயதிலிருந்து இரண்டு குரலில் பாடிப் பழகிய உங்களுக்கு மூன்றாவது குரல் எட்டாத தூரம் இல்லை.

எப்படித் தொடங்குவது? மிசோ மொழிக்கு எழுத்து அமைத்தவர்களே லோரேனும் சாவிட்ஜும்தான், ரோமன் எழுத்தில். அதனால் அர்த்தம் தெரியாமலேயே நீங்கள் பாட்டுப் புத்தகத்தை வாசித்துவிடலாம். இந்த வசதி தமிழ்நாட்டுக்கு வரும் ஒரு மிசோ மருமகளுக்குக் கிடையாது. அவள் உயிரெழுத்திலிருந்து தொடங்க வேண்டும். நம் பாமாலையில் இருக்கும் பழைய ஞானப்பாட்டு மெட்டுகள் பல அவர்கள் புத்தகத்திலும் உண்டு. உங்கள் கணவரோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, நீங்கள் தமிழில் முனக முனக, அதே மெட்டில் உள்ள ஐந்து பாட்டுகளை அவரைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு அந்த ஐந்து போதும். கோவிலில் அந்தப் பாட்டு வரும்போது முதல் சரணத்தை மிசோவில் வாசித்துப் பாடுங்கள். அடுத்த சரணம் தமிழில் வாயில் வந்தால் வரட்டும். ஆண்டவருக்கு இரண்டும் புரியும். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் அதுவும் நல்லதே. அதிலிருந்து ஒரு பேச்சு தொடங்கும்.

லெங்கோம் பாட்டைப் புத்தகத்தில் பிடிக்க முடியாது. உட்கார்ந்து உட்கார்ந்துதான் வரும். அதற்கு வருடங்கள் ஆகட்டும். மிசோ மொழியில் ஏற்ற இறக்கம் மாறினால் அர்த்தம் மாறும் என்பது உங்களுக்கே தெரியும், தப்பு வரும். லோரேனும் சாவிட்ஜும் அந்த மொழிக்குள் நான்கு வருடம் கிடந்தார்கள். லூக்கா, யோவான், அப்போஸ்தலர் நடபடிகள் மூன்றையும் மொழிபெயர்த்தார்கள். அவர்கள் மலையை விட்டு இறங்கும்வரை ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. முதல் இரண்டு ஞானஸ்நானங்கள் 1899இல்தான், வேறொரு மிஷனெரி கையால். ஆனாலும் அந்த இருவரையும் மிசோக்கள் ஆங்கிலப் பெயரில் சொல்வதில்லை. பூ புவாங்கா, சாப் உபா என்று தாங்களே வைத்த பெயரில்தான் இன்றும் சொல்கிறார்கள். வந்தவர்களுக்குப் பெயர் வைத்துக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளத் தெரிந்த சனம் அது. இரண்டே வருடத்தில் நீங்கள் கணக்கை முடித்துவிடாதீர்கள்.

அப்புறம், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த ஒரு பிடி அரிசி.

எங்கள் ஆச்சி உலை கொதித்ததும் அரிசியைக் களைந்து போடும் முன், ஒரு கை அள்ளி அடுப்படி மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவாள். "இது கோவிலுக்குள்ளது, யாரும் தொடப்படாது" என்பாள். மாதக் கடைசியில் கலயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கோவிலுக்குப் போவாள். பிடியரிசிக் காணிக்கை. உங்கள் ஊர்ப் பக்கமும் உங்கள் பாட்டி காலத்தில் இதைப் பார்த்திருப்பார்கள், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் மாமியார் செய்வதும் அதே காரியம். மிசோவில் அதற்கு பூஃபாய் தாம் என்று பெயர். 1910இல் தொடங்கியது. கையில் காசு இல்லாத காலத்தில், பெண்கள் தங்கள் ஆளுகையில் இருந்த ஒரே பொருளிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். வேளாவேளைக்கு ஒரு பிடி. அதைச் சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்து விற்றுக் காணிக்கையாக்குவார்கள். அந்தச் சபை வெளி மாநிலங்களுக்கு அனுப்பும் ஊழியர்களின் செலவில் இந்த அரிசிக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் மாமியார் அமைதியாகச் செய்யும் அந்த வேலை அவருடைய ஜெபம், தங்கை. இரண்டு வருடமாக ஒரே அடுப்படியில் அவர் ஜெபிக்கிறார், நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள், இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

நாளைக் காலை அவர் அரிசிப் பாத்திரத்தைத் திறக்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒரு பிடி நீங்கள் அள்ளுங்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவில் போடுங்கள். அதற்கு மிசோ தேவையில்லை. உங்கள் பாட்டியும் இப்படித்தான் செய்தாள் என்பதைக் கணவரை விட்டு அன்றே சொல்லச் சொல்லுங்கள். மாமியார் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டும், நான் காத்திருப்பேன்.

இதே மாதிரி இன்னொன்றும் உண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் உங்கள் சபையில் எல்லாரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து நடந்திருக்குமே. அது அசனம்தான். நம் பக்கத்துக் கோவில்களில் பெரிய பெரிய செம்புகளில் சோறு பொங்கி, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, ஊரையே தரையில் வரிசையாக உட்காரவைப்பார்களே, அதே அசனம். அங்கே பன்றிக்கறி என்பது ஒன்றுதான் வித்தியாசம். இந்த வருடம் பரிமாறுகிற பக்கம் நில்லுங்கள். சாப்பிடுகிற வரிசையில் உட்கார்ந்தவர் விருந்தாளி. வாளியைத் தூக்கியவர் வீட்டு ஆள்.

புளித்த கொழுப்பின் வாடையைப் பற்றி நீங்கள் வெட்கப்பட வேண்டாம். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது உங்கள் கணவர் நம் ஊரில் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அவரிடம் கேளுங்கள். வயிறு ஏற்காததைச் சாப்பிடுவது பக்தி இல்லை. ஒரே மேசையில் உட்காருவதுதான் முக்கியம். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிப் போனார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். தட்டில் என்ன இருந்தது என்று பவுல் கேட்கவில்லை. எழுந்து போனதைத்தான் கேட்டார்.

'வை' என்ற சொல். அது வலிக்கும். வலிக்கவில்லை என்று நடிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லின் பின்னால் இருப்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தனி நாடு கேட்ட மிசோ கிளர்ச்சியை அடக்க, 1966 மார்ச்சில் ஐசால் நகரத்தின் மேலேயே இந்திய விமானப்படை குண்டு வீசியது. அடுத்த வருடங்களில் கிராமம் கிராமமாக மக்களைக் கிளப்பி, வீடுகளை விட்டுப் பெயர்த்து, சாலையோரக் குடியிருப்புகளில் அடைத்தார்கள். 1986 ஜூன் 30இல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை இருபது வருடம் அந்த மலைகள் நிம்மதியாகத் தூங்கவில்லை. இரண்டு பக்கமும் நடந்து நடந்து சமாதானம் பேசியவர்களில் சபைத் தலைவர்களும் இருந்தார்கள். உங்கள் மாமியார் வயதில் உள்ளவர்களுக்கு இது சரித்திரப் பாடம் இல்லை, சின்ன வயது ஞாபகம். சமவெளியிலிருந்து வந்த முகம் என்றால் அவர்களில் சிலருக்கு இன்னும் சீருடைதான் ஞாபகம் வரும். கடையில் அந்தச் சொல்லைச் சொன்ன பெண் உங்களை வெறுத்துச் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. பழகிப்போன சொல்லாக இருக்கலாம். முகத்துக்கு நேராக, இளக்காரமாகச் சொன்னால் மட்டும் கணவரிடம் சொல்லுங்கள். அதைச் சபை மூப்பரிடம் கொண்டுபோவது அவருடைய பொறுப்பு. முறுமுறுக்க உங்களுக்கு வேத ஆதாரம் உண்டு என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

ஒரு சமயம் கிடைத்தால் மாமியாரிடம் அந்த வருடங்களைப் பற்றிக் கேளுங்கள். அவசரமில்லை.

அம்மா சொன்ன "நம்ம சனம் இல்ல" என்பதையும் தொட்டுவிட்டுப் போகிறேன். அம்மாவின் கண்ணீரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் சபைகளுக்குள்ளேயே இந்த வார்த்தை என்ன பாடு படுத்துகிறது என்று உங்களுக்குத் தெரியும். கோவிலுக்குள் சாதிப் பாகுபாட்டை ஒழிக்க வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் உத்தரவு போட்டார். அதை எதிர்த்து எத்தனையோ பேர் சபையை விட்டே வெளியேறினார்கள். நான் மேலே மதிப்போடு சொன்ன வேதநாயக சாஸ்திரியாரே அந்த விஷயத்தில் எதிர்ப்பக்கம்தான் நின்றார். அவருடைய பாட்டைப் பாடி வளர்ந்த எனக்கு இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. இன்றைக்கும் ஒரே பாஷை, ஒரே பாமாலை, ஆனால் கல்லறைத் தோட்டம் தனித்தனி என்று இருக்கிற ஊர்கள் நம் பக்கம் உண்டு. மொழி ஒன்றானால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்பது உண்மை இல்லை. ஐசாலில் இரவு வேளையில் உங்களுக்கு நம் ஊர்ச் சபை ஞாபகம் வரும்போது, அதில் மூலையில் உட்கார்ந்திருந்தவர்களையும் சேர்த்து ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நாம் மூலையில் தள்ளியவர்கள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று உங்களுக்கு இப்போது தெரியும். அம்மாவிடம் அதைச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

சரி, இனி வாரநாட்களில் செய்ய வேண்டியது.

பெண்கள் ஐக்கியத்துக்குத் திரும்பப் போங்கள், ஆனால் வெறும் கையோடு போகாதீர்கள். நீங்கள் நர்ஸ். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு போய், கூட்டம் முடிந்ததும் வயதான அம்மாக்களுக்குப் பார்த்துச் சொல்லுங்கள். எண்களும் "வலிக்கிறதா", "மாத்திரை சாப்பிட்டீர்களா" என்கிற நாலு வாக்கியமும் தெரிந்தால் போதும். கையைப் பிடித்து நாடி பார்த்த ஆளை மறுபடி வெளியாளாகப் பார்க்க முடியாது. அடுத்தவருக்காக ஓடிப்போய்ச் செய்கிற குணத்தை மிசோக்கள் எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பவர்கள். அங்கே ஒரு வீட்டில் சாவு என்றால் 1935இல் தொடங்கிய யங் மிசோ அசோசியேஷன் இளைஞர்கள் கூலி கேட்காமல் குழி தோண்டுகிறார்களே, பார்த்திருப்பீர்கள். அடுத்த துக்க வீட்டில் மூலையில் உட்காராதீர்கள். அடுப்படிக்குப் போய் டீத்தட்டைத் தூக்குங்கள். துக்க வீட்டில் என்ன செய்வது என்று சாத்தான்குளத்துப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

ஊர்க் கோவில் ஆராதனையைப் போனில் பாருங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஞாயிறு காலையில் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் போன வாரத்து ஆராதனையைப் பாருங்கள், கூடவே மகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கீர்த்தனையை அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நேரம் மாறினால் மருந்து விஷமாகும் என்பது உங்கள் தொழிலில் தெரிந்ததுதானே.

கணவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவர் வேலூரில் தமிழ் ஆராதனையில் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் ஒரு மூலை இருந்திருக்கும். அதைப் பற்றி நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா?

தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு வாரத்துக்கு மேலாகத் தினமும் அழுகை என்றால் அது ஏக்கத்தோடு நின்றதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் நோயாளிக்கு என்ன சொல்வீர்களோ அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் மகள். இன்று ராத்திரி அவள் ஜெபித்து முடித்து ஆமென் சொன்னதும், "ஆண்டவர்கிட்ட என்ன கேட்டே, அம்மாவுக்கு ஒவ்வொரு வார்த்தையா சொல்லு" என்று கேளுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அம்மாவுக்கு வாத்தியாராக இருப்பது பெரிய சந்தோஷம். நீங்கள் தப்பாகச் சொன்னால் சிரிப்பாள், சிரிக்கட்டும். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் தமிழில் ஜெபியுங்கள், சாத்தான்குளத்துத் தமிழிலேயே, அம்மாச்சி பெயரையும் ஐசால் பாட்டி பெயரையும் சொல்லி. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.